வாய்க்கால் ஓரத்து வேலி: ஈரக் களியில் ஊன்றிய கால்கள் ஏன் சாய்ந்தன?

திருத்துறைப்பூண்டி பக்கம், முள்ளியாற்றுப் பாசனத்தில் ஒன்றரை ஏக்கர் நிலம். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரை கடந்தபோது இந்த வட்டாரத்தில் தென்னந்தோப்புகள் கூட்டம் கூட்டமாக விழுந்தன. இந்த நிலத்திலும் பெரும்பாலான மரங்கள் போய்விட்டன. நிலத்துக்காரர் எனக்குச் சித்தப்பா முறை. சில வருடங்கள் கழித்துப் புதிய கன்றுகள் வைத்தார், ஊடுபயிராகக் காய்கறி போட்டார். இந்தப் பக்கத்தில் சம்பா அறுத்ததும் ஆடு மாடுகளை வயலில் அவிழ்த்து விடுவார்கள். தைக்குள் வேலி வேண்டும் என்று அவர் அவசரப்பட்டதற்கு அதுதான் காரணம். கார்த்திகையில் மழை கொஞ்சம் வெறித்த இடைவெளியில் கம்பி வலை வேலி போட்டு முடித்தார்கள்.

அடுத்த சித்திரையில் கால்களைச் சுற்றி விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. அதற்கடுத்த ஐப்பசியில், காற்றோடு பெய்த ஒரு மழையில், வாய்க்கால் ஓரத்து வரிசை மொத்தமும் வாய்க்கால் பக்கமாகச் சாய்ந்தது. வலை கிழியவில்லை, கால் ஒன்றுகூட உடையவில்லை. கான்கிரீட்டோடு சேர்ந்து கால்கள் அப்படியே புரண்டிருந்தன. மற்ற இரண்டு பக்கமும் பெரிய சேதமில்லாமல் நின்றன. (நாலாவது பக்கம் பழைய உயிர்வேலி. கிளுவையும் பூவரசும். அதற்கு எதுவும் ஆகவில்லை.)

"கான்கிரீட் போட்டும் சாஞ்சிடுச்சே தம்பி" என்று சித்தப்பா சொன்னார். ஊரில் கேட்டவர்கள் எல்லோரும் சிமெண்ட் பத்தவில்லை என்றார்கள். சிமெண்ட் குறைவு என்பது உண்மைதான், ஆனால் அது மட்டும் இந்த வரிசையைச் சாய்க்கவில்லை. கட்டுமான மேற்பார்வை என் தொழில் என்பதால், சரி செய்வதற்கு முன்னால் சாய்ந்த கால்களில் சிலவற்றை முழுசாகத் தோண்டி எடுத்துப் பார்ப்போம் என்று கேட்டுக்கொண்டேன். சாய்ந்த காலை நிமிர்த்தி, பக்கத்தில் இன்னும் இரண்டு சட்டி கலவை கொட்டுவதுதான் வழக்கம். அப்படிச் செய்தால் காரணமும் உள்ளேயே புதைந்துவிடும்.

என்ன போட்டிருந்தார்கள்

ஏழு அடி சிமெண்ட் கால்கள், நாலு அங்குலத்துக்கு நாலு அங்குலம், உள்ளே நாலு கம்பி. ஐந்தடி உயர வலை, மேலே நடுவே கீழே என்று மூன்று இழுகம்பி. பத்தடிக்கு ஒரு கால். வாய்க்கால் ஓரத்து வரிசையின் நீளம் 240 அடி. இரண்டு மூலையிலும் மூலைக்கு ஒரு முட்டுக்கால் சாய்த்து வைத்திருந்தார்கள். நடுவில் முட்டு எங்கும் இல்லை.

ஏழு அடிக் காலில் ஐந்தடி வெளியே போனால் இரண்டடிதான் மண்ணுக்குள் இருக்க முடியும். தோண்டி அளந்தபோது அதுகூட இல்லை. ஒன்றே கால் அடியிலிருந்து ஒன்றே முக்கால் அடி வரைதான் இருந்தது. குழியில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தால் தோண்டுகிறவர் எங்கே நிறுத்துவார்? தண்ணீர் தெரிந்த இடத்தில் நிறுத்துவார். ஆழம் குறைந்ததால் கால்கள் வெளியே கூடுதலாக நின்றன. வலைக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த அந்தத் துண்டுகளை வெளியிலிருந்தே யாரும் பார்த்திருக்கலாம்.

ஐந்து குழிக்கு ஒரு மூட்டை சிமெண்ட் என்று கணக்கு வைத்திருந்தார்களாம். குழி ஒன்றரை அடி ஆழம், ஒன்றே கால் அடி அகலம் என்றால், காலின் கனத்தைக் கழித்தபின் குழிக்கு இரண்டு கன அடிக்குக் கொஞ்சம் மேலே கான்கிரீட் வேண்டும். அதற்குப் பத்து கிலோ சிமெண்ட் என்பது ஒன்றுக்கு நாலுக்கு எட்டு (சிமெண்ட், மணல், ஜல்லி) என்ற பலவீனமான கலவைக்குத்தான் கிட்டத்தட்ட வரும். தரைக்கு அடியில் சமன் செய்யப் போடும் கலவை அது. காய்ந்த குழியில் போட்டிருந்தால் அதுவேகூட ஓரளவு நின்றிருக்கும்.

குழிக்குள் கண்டவை

எடுத்த கால்களில் கான்கிரீட் மூன்று விதமாக இருந்தது. சிலவற்றில் வெளியே ஓடுபோல ஒரு கெட்டித் தோல், அதை உடைத்தால் உள்ளே மணலும் ஜல்லியும் கையோடு உதிர்ந்தன. சிலவற்றில் அடியில் வெறும் ஜல்லி, அதற்கு மேலே மணல், எல்லாவற்றுக்கும் மேலே சாம்பல் நிறத்தில் ஒரு அங்குலம் சிமெண்ட் படலம். மூன்றாவது வகைதான் உருப்படியான கான்கிரீட். அது மேட்டுப் பக்கத்துக் குழிகளில் மட்டும் கிடைத்தது.

முதல் வகை எப்படி வந்தது என்பதை மேஸ்திரியிடம் பேசியபோதே புரிந்துகொண்டேன். "குழியில தண்ணி நின்னுச்சுங்க. கலவைய வறட்சியாவே போட்டோம். நிலத்து ஈரத்த அதுவே உறிஞ்சிக்கும்" என்றார். இதை நம்பிச் செய்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். சிமெண்ட் கெட்டிப்படுவது காய்வதால் நடப்பதில்லை, தண்ணீரோடு சேர்ந்து நடக்கும் வேதிவினையால் நடக்கிறது. அதனால் தண்ணீருக்கடியிலும் கான்கிரீட் நன்றாகவே இறுகும். இதுவரை அவர் சொல்வதில் தவறில்லை. ஆனால் சிமெண்ட், மணல், ஜல்லி மூன்றும் தண்ணீரோடு புரண்டு, ஒவ்வொரு துகளிலும் பசை ஒட்டிய பிறகு இறுகினால்தான் அது கான்கிரீட். உலர்ந்த குவியலின் வெளிப்புறம் நனைந்து இறுகியதும், உள்ளே தண்ணீர் போக வழி அடைபடுகிறது. அந்த ஓடும் உதிர்ந்த உட்புறமும் அப்படி வந்தவை.

இரண்டாவது வகை இதற்கு நேர்மாறு. குழியில் ஒன்றரை ஜாண் தண்ணீர், மேலேயிருந்து சட்டி சட்டியாகக் கலவையை வீசியிருக்கிறார்கள். தண்ணீர் வழியே விழும்போது ஜல்லி முதலில் அடியில் தங்குகிறது, மணல் அதற்கு மேல், சிமெண்ட் கலங்கி மிதந்து கடைசியாக மேலே படிகிறது. அந்தப் படலத்தைப் பார்த்து மேலே நன்றாக இறுகியிருக்கிறது என்று அன்றைக்கு நினைத்திருப்பார்கள். நியாயமான எண்ணம்தான், வெளியே தெரிந்தது அந்த ஓர் அங்குலம் மட்டுமே.

இத்தனைக்குப் பிறகும், கலவைதான் குற்றவாளி என்று முடித்துவிட என்னால் முடியவில்லை. காரணம் சாலைப் பக்கத்து வரிசை. அங்கே சிமெண்ட் தீர்ந்துபோய் சில கால்களுக்குக் கான்கிரீட்டே போடவில்லை. உடைந்த செங்கல்லையும் தோண்டிய மண்ணையும் மாற்றி மாற்றிப் போட்டுக் கடப்பாரையால் குத்திக் கெட்டித்திருந்தார்கள். அவை அத்தனையும் நிமிர்ந்து நின்றன. கான்கிரீட் போட்ட கால் சாய்கிறது, போடாத கால் நிற்கிறது என்றால் நாம் பார்க்க வேண்டியது மண்ணை.

மண் என்ன சொன்னது

வாய்க்கால் ஓரத்தில் குழிச் சுவரைச் செதுக்கிப் பார்த்தோம். மேலே இரண்டடி வரைக்கும் மண்ணில் நத்தை ஓடு, வைக்கோல் துணுக்கு, பிளாஸ்டிக் கவர். அதற்குக் கீழேதான் ஒரே சீரான கருஞ்சாம்பல் களி. மேலே இருந்தது வருடா வருடம் வாய்க்காலைத் தூர் வாரிக் கரையில் கொட்டிய மண். பொக்லைன் அள்ளிப் போட்டுப் போன மண்ணை யாரும் குத்திக் கெட்டிப்பதில்லை. மழையில் அமுங்கி, மேலே புல் முளைத்து, இயல்பான கரைபோலத் தெரியும். 12 மி.மீ. கம்பி ஒன்றை உடல் எடையைக் கொடுத்து அழுத்தினேன். கரையில் இரண்டடி வரை சிரமமில்லாமல் இறங்கியது. நிலத்துக்குள் ஐந்தடி தள்ளி அழுத்தினால் முக்கால் அடியிலேயே நின்றது.

ஆக, ஒன்றரை அடி ஆழத்தில் ஊன்றிய எந்தக் காலும் உண்மையான நிலத்தைத் தொடவே இல்லை. நல்ல கான்கிரீட் போட்டிருந்தாலும் அது தூர் மண்ணில் மிதக்கிற ஒரு கனமான கட்டியாகவே இருந்திருக்கும். அதோடு கரை வாய்க்கால் பக்கம் சரிவு. காலின் ஒரு பக்கத்தில் முட்டுக் கொடுக்க மண்ணே இல்லை. நண்டு வளைகள் வேறு. இரண்டு குழிகளில் வளை நேராகக் கான்கிரீட்டின் அடிக்குப் போயிருந்தது. வாய்க்காலில் தண்ணீர் ஏறும்போதெல்லாம் அந்த வழியாக அடிமண் ஊறியிருக்கும்.

சித்திரை வெடிப்பையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். டெல்டாக் களி ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும். அறுவடை முடிந்த வயலில் பாளம் பாளமாக வெடிப்பு விடுவதை இங்கே பார்க்காதவர் கிடையாது. கார்த்திகையில், மண் முழுக்க உப்பியிருக்கும் நேரத்தில் கான்கிரீட் போட்டால், அன்றைக்குக் குழிச் சுவரும் கான்கிரீட்டும் ஒட்டியே இருக்கும். கோடையில் மண் விலகும். கான்கிரீட் சுருங்காது. நடுவில் ஒரு சந்து விழுகிறது. அடுத்த மழையில் முதல் தண்ணீர் அந்தச் சந்தில்தான் இறங்கும், சுவரைக் குழைக்கும். காற்றில் கால் ஆட ஆட அந்தக் குழைவு சேறாகி மேலே பிதுங்கும், சந்து இன்னும் அகலமாகும். மண் பழையபடி உப்பிச் சந்தை மூடுவதற்குள் ஐப்பசிக் காற்று வந்துவிட்டது.

காற்றின் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். வெறும் கம்பி வலை காற்றைப் பெரிதாகப் பிடிக்காது. ஆனால் இந்த வேலியில் அவரையும் பீர்க்கனும் ஏற்றியிருந்தார்கள், அவற்றோடு தானாக முளைத்த கோவையும் சேர்ந்துகொண்டது. ஐப்பசியில் கொடி முழுக்க மூடி, வலை ஒரு பாய்மரம் போல ஆகிவிட்டது. பத்தடி அகலம், ஐந்தடி உயரம் என்றால் ஐம்பது சதுர அடி. மணிக்கு 72 கி.மீ. வேகக் காற்று சதுர மீட்டருக்கு 240 நியூட்டன் அழுத்தம் கொடுக்கும். முழுதும் மூடிய ஒரு பகுதிமேல் அது ஏறத்தாழ 110 கிலோ எடைக்குச் சமம். தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில் ஒரு ஆளுக்கும் மேலான எடை தள்ளுகிறது.

ஒன்றரை அடி மட்டுமே புதைந்த, ஓரடி அகலக் கான்கிரீட் அந்தத் தள்ளலுக்கு ஈடு கொடுக்க வேண்டுமானால், குழிச் சுவரின் மேல்பகுதியில் சதுர அடிக்குச் சுமார் 550 கிலோ அழுத்தம் விழும். இது தோராயக் கணக்குதான். அதே கால் மூன்றடி புதைந்திருந்தால் சதுர அடிக்குச் சுமார் 180 கிலோ. ஆழம் இரண்டு மடங்கானால் மண்மீது விழும் அழுத்தம் மூன்றில் ஒன்றாகிவிடுகிறது. அகலத்தை இரண்டு மடங்காக்கினால் அது பாதியாகத்தான் குறையும், கலவையோ நாலு மடங்குக்கும் மேலே போய்விடும். ஈர நிலம் என்றதும் குழியை அகலமாக்கிக் கான்கிரீட்டைக் கொட்டுகிறார்கள். அந்தச் சிமெண்டை ஆழத்தில் போட்டிருந்தால் பலன் கூடியிருக்கும். இந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்: கான்கிரீட் காலைப் பிடிக்கிறது, கான்கிரீட்டைப் பிடிப்பது மண். ஈர நிலத்தில் நல்ல மண் எங்கே இருக்கிறது என்று முதலில் தேட வேண்டும், சிமெண்ட் கணக்கை அதற்குப் பிறகு போட வேண்டும்.

மூலைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. வலையை இழுத்து முறுக்கியது கான்கிரீட் போட்ட மறுநாளே. மூலைக் கால் அன்றைக்கே கொஞ்சம் உள்பக்கம் அசைந்திருக்க வேண்டும். தோண்டியபோது அதன் கான்கிரீட்டில் குறுக்கே ஒரு பழைய விரிசல், உள்ளே சேறு படிந்து கறுத்திருந்தது. முட்டுக்காலின் அடி வெறும் சேற்றில் இருந்தது. முறுக்கம் தளர்ந்ததும் கம்பிகள் தொய்ந்து, ஒவ்வொரு காலும் காற்றைத் தனித்தனியாகச் சமாளிக்க வேண்டியதாகிவிட்டது.

மறுபடி போட்டது

முதல் சண்டை இடத்துக்காக. வரிசையைக் கரையிலிருந்து ஐந்தடி உள்ளே தள்ள வேண்டும் என்றேன். 240 அடி நீளத்துக்கு ஐந்தடி என்றால் 1,200 சதுர அடி, சுமார் இரண்டே முக்கால் சென்ட். "ரெண்டே முக்கா செண்ட வாய்க்காலுக்கா தாரை வாக்கச் சொல்ற?" என்று சித்தப்பா கோபப்பட்டார். சர்வேயரை வைத்துப் புலப்பட வரைபடத்தின்படி அளந்தபோது, பழைய வேலியில் ஒரு பகுதி வாய்க்கால் புறம்போக்கில் இருந்தது தெரிந்தது. தூர் வார வரும் வண்டிக்கு அந்த இடம் வேண்டும். உண்மையில் அவர் இழந்தது ஒரு சென்ட்கூட இருக்காது. அந்தத் துண்டு நிலத்தில் வெட்டிவேரும் பூவரசுக் கிளையும் நடலாம், கரையும் அரிக்காது என்று பேசி முடித்தோம். வேலி வேலை பார்க்கிறவர்களிடம் நான் எப்போதும் சொல்வது: வாய்க்கால் ஓரம் என்றால் கடப்பாரையைத் தொடுவதற்கு முன்னால் அளந்துவிடுங்கள்.

அடுத்து நேரம். மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது மரபு. அதற்குப் பிறகு வாய்க்கால் வற்றும், கரையின் நீர்மட்டம் இறங்கும். மாசியில் மேல்மண் கடப்பாரைக்கு இடம் கொடுக்கும் அளவுக்கு ஈரமாகவே இருக்கும், குழியிலோ தண்ணீர் ஊறுவது வெகுவாகக் குறைந்திருக்கும். மண்ணும் பாதி சுருங்கியிருப்பதால் பிறகு விலகுவது குறைவு. மழையில் உப்பும்போது கான்கிரீட்டை நெருக்கிப் பிடிக்கும். சித்திரை வரை தள்ளினால் களி கல்லாகிவிடும், தோண்டும் கூலி ஏறும். கார்த்திகை வேண்டவே வேண்டாம். மாடு வரும் என்ற கவலைக்கு அந்த இரண்டு மாதம் முள்ளை வெட்டிப் போட்டுச் சமாளிக்கலாம்.

கால்களை எட்டடியாக மாற்றினோம். ஐந்தடி வெளியே, மூன்றடி மண்ணுக்குள். இடைவெளி எட்டடி. வாங்கப் போன இடத்தில் ஒவ்வொரு காலையும் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். விளிம்பில் கம்பி தெரிகிற கால், மயிரிழை விரிசல் விட்ட கால் எதுவும் வேண்டாம் என்று ஒதுக்கினோம். கடல் பக்கம் உப்புக் கலந்த நிலத்தடி நீர் உண்டு. உப்பு உள்ளே போனால் கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் எடுக்கும் என்பதால் கால் உள்ளிருந்தே பிளக்கும். தரை மட்டத்தில்தான் ஈரமும் காற்றும் சேர்ந்து இதை வேகப்படுத்துகின்றன. அதனால் தரைக்கு மேலும் கீழுமாக அரையடிப் பட்டையாகத் தார் பூசினோம். கலவைக்கும் நிலத்துப் பம்பு தண்ணீரைத் தொடவில்லை, குடிதண்ணீர் டேங்கில் கொண்டுவந்தோம். கலவைத் தண்ணீரில் குளோரைடு, கம்பி உள்ள கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தரநிலை 456-இன் வரம்பு. வெறும் கான்கிரீட்டுக்கு 2,000 வரை போகலாம். குழியில் போடுவது வெறும் கான்கிரீட்தானே என்று கேட்கலாம். அதற்குள் நிற்கும் காலில் கம்பி இருக்கிறதே.

குழியை ஓரடிச் சதுரமாக, மூன்றடிக்கும் கொஞ்சம் கூடுதலாகத் தோண்டினோம். அடியில் மட்டும் இரண்டு அங்குலம் அகலம் கூட. வாய் எக்காரணம் கொண்டும் அகலமாகக் கூடாது என்று தோண்டுகிறவர்களிடம் கண்டிப்பாகச் சொன்னேன். மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் இருக்கும் கான்கிரீட்டை உப்புகிற களி அடியிலிருந்து நெம்பித் தூக்கும். தோண்டுகிறவருக்கு வசதி மேலே அகலம், வேலிக்கு வசதி கீழே அகலம். இதைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது.

பெரும்பாலான குழிகள் காய்ந்தே இருந்தன. பள்ளத்து மூலையில் மட்டும் சில குழிகளில் இரண்டரை அடியில் ஊற்று வந்தது. அவற்றில்தான் இந்த வேலையின் நுணுக்கம் இருக்கிறது.

கடைசி அரையடியை முன்கூட்டியே தோண்டி வைக்கவில்லை. கால், கலவை, ஆள் எல்லாம் தயாரானபின் தோண்டினோம். திறந்து கிடக்கிற ஈரக் குழியின் சுவர் நேரமாக ஆகக் குழையும். தண்ணீரை வாளியால் இறைத்ததோடு விடாமல், அடியில் தேங்கிய சேற்றையும் கையால் வழித்து எடுத்தோம். பலர் தண்ணீரை இறைப்பார்கள், சேற்றை விட்டுவிடுவார்கள். அந்தச் சேற்றின்மேல் நிற்கிற கால் நாளாவட்டத்தில் இறங்கும். பிறகு ஒன்றரை அங்குல ஜல்லியை நாலு அங்குலத்துக்குப் போட்டு, களிக்குள் பதியும்வரை கடப்பாரையின் மழுங்கிய முனையால் குத்தினோம். வடிகாலுக்காகப் போட்ட ஜல்லி இல்லை இது. களிமண்ணில் ஜல்லி போட்டால் தண்ணீர் வடிந்து போக இடம் கிடையாது, தேங்கத்தான் செய்யும். காலுக்கு உறுதியான அடி வேண்டும் என்பதற்காக மட்டும் போட்டோம்.

ஒரு குழியில் சுவர் சரிந்துகொண்டே வந்தது. அடியை வெட்டி எடுத்த ஒரு பிளாஸ்டிக் டிரம்மை அதில் இறக்கி, கான்கிரீட் ஏற ஏற அதை மேலே உருவிக்கொண்டே வந்தோம். டிரம்மை உள்ளேயே விட்டுவிட்டால் வழவழப்பான சுவருக்கும் மண்ணுக்கும் பிடிப்பு இருக்காது.

கலவை, காய்ந்த குழிகளுக்கு ஒன்றுக்கு இரண்டுக்கு நாலு. ஊற்றுக் குழிகளுக்கு ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று. தண்ணீருக்கடியில் போடும் கான்கிரீட்டுக்குக் கன மீட்டருக்குக் குறைந்தது 350 கிலோ சிமெண்ட், சிமெண்டில் பத்தில் ஆறு பங்குக்கு மேல் தண்ணீர் கூடாது என்று தரநிலை 456 சொல்கிறது. மூன்றடிக் குழிக்கு அந்தக் கணக்கில் அரை மூட்டைக்கும் கொஞ்சம் மேலே வரும். கலவையைத் தரையிலேயே தண்ணீர் விட்டு நன்றாகப் புரட்டி, கையில் பிடித்தால் உருண்டை நிற்கும் பதத்துக்குக் கொண்டுவந்தோம். குழியில் வீசவில்லை. வாளியை அடிவரை இறக்கிக் கவிழ்த்தோம். அடுத்த வாளி முன்னதன்மேல் உட்காரும், தண்ணீர் மேலே தள்ளப்பட்டு வெளியே வழியும். அரையடிக்கு ஒருமுறை கம்பியால் குத்திவிட்டோம். ஒரு குழியைத் தொடங்கினால் முடிக்கும்வரை நிறுத்தக் கூடாது.

அந்தத் தரநிலையில் இன்னொரு குறிப்பும் உண்டு. கான்கிரீட் போடும்போதும் அதற்குப் பின் 24 மணி நேரமும் அந்த இடத்திலிருந்து தண்ணீரை இறைக்கக் கூடாது. பாலம் கட்டுகிறவர்களுக்குத் தெரிந்த விஷயம், வேலி போடுகிறவர்களிடம் வந்து சேரவில்லை. பக்கத்துக் குழியில் தண்ணீரை உறிஞ்சினால், ஈரமான கான்கிரீட் வழியே தண்ணீர் ஓடும், சிமெண்டும் அதோடு போகும். அதனால் ஊற்றுக் குழிகளை ஒன்று விட்டு ஒன்றாக, நாள் தள்ளிப் போட்டோம். மேஸ்திரிக்கு முதலில் இது பிடிக்கவில்லை. "ஒரே நாள்ல முடிக்கிற வேலைய இழுக்குறீங்களே" என்றார். "அண்ணே, போன தடவை ஒரே நாள்ல முடிச்சதைத்தானே இப்ப தோண்டுறோம்" என்றதும் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு சேறு வழிப்பதில் என்னைவிட அவர்தான் கறாராக நின்றார்.

மேல்பக்கத்தைத் தரையிலிருந்து இரண்டு அங்குலம் உயர்த்தி, நாலு புறமும் சரிவாகப் பூசி முடித்தோம். தூக்குக் குண்டு பார்த்து, மூங்கிலால் இரண்டு திசையிலும் முட்டுக் கொடுத்தோம். இரண்டு வாரம் யாரும் வலையைத் தொடவில்லை. இப்போது கடையில் கிடைக்கும் சாம்பல் கலந்த சிமெண்ட் ஆரம்பத்தில் மெதுவாகத்தான் பலம் ஏறும், அதனால் ஒரு வாரம் போதாது.

மூலைக் குழிகள் ஒன்றரை அடிச் சதுரம், மூன்றரை அடி ஆழம். கம்பி இழுக்கும் ஒவ்வொரு திசைக்கும் ஒரு முட்டுக்கால், முட்டின் அடியில் பட்டைக் கருங்கல் ஒன்றை வைத்து அதற்கும் கான்கிரீட். நேர் வரிசையிலும் 48 அடிக்கு ஒரு காலுக்கு இரண்டு பக்கமும் முட்டு வைத்தோம். ஒரு இடத்தில் தளர்ந்தாலும் அடுத்த முட்டோடு அது நின்றுவிடும்.

இரண்டு மழைக்குப் பிறகு

இரண்டு வடகிழக்குப் பருவமழை கடந்துவிட்டது. வரிசை நூல் பிடித்தாற்போல் நிற்கிறது, பள்ளத்து மூலைக்கு அடுத்த இரண்டு கால்களைத் தவிர. அவை வாய்க்கால் பக்கமாக ஒரு விரல் அகலம் சாய்ந்திருக்கின்றன. அந்த இடத்தில் பழைய வரப்பு ஒன்று குறுக்கே ஓடியிருக்கிறது, கம்பி அழுத்திப் பார்த்தால் மூன்றடியைத் தாண்டியும் இறங்குகிறது. வரிசை நெடுகக் கம்பி அழுத்திப் பார்த்த நாளில் அந்த இடத்தில் வைக்கோல் போர் இருந்தது. அங்கே மட்டும் பார்க்காமல் போய்விட்டது.

சித்திரையில் சந்து விழத்தான் செய்கிறது, ஆனால் பென்சில் கனத்துக்கு மேல் இல்லை. உலர்ந்த களித்தூளும் மணலும் பாதிக்குப் பாதி கலந்து அதில் இறக்கிக் குச்சியால் குத்திவிடுகிறார் சித்தப்பா. வெறும் மணலாகப் போட்டால் தண்ணீருக்கு வழி விட்டதாகிவிடும். அவரையை உள்பக்கம் தனிப் பந்தலுக்கு மாற்றியாயிற்று. கோவையைப் புரட்டாசி முடிவதற்குள் அறுத்துவிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். போன வருடம் அறுத்தார்கள்.

சாய்ந்த இரண்டு கால்களையும் நிமிர்த்த அவசரமில்லை. வருகிற மாசியில் வாய்க்கால் வற்றியதும் அந்த இரண்டையும் எடுத்துவிட்டு, ஒன்பதடிக் கால் வைத்து நாலடி ஆழத்துக்குப் போவதாக முடிவு. அதற்கு முன்னால் பழைய வரப்பு எவ்வளவு அகலம் என்று கம்பியால் அழுத்திப் பார்த்து, குறுகலாக இருந்தால் காலையே அரையடி நகர்த்தி அதைத் தாண்டி வைத்துவிடலாம். எட்டடி இடைவெளியில் அரையடி கூடுவதால் வலைக்கு ஒன்றும் ஆகாது.